அலமாரி பதில்கள்

ஒரு அறிவியல் புத்தகம் அமெரிக்காவில் சட்டத்தையே மாற்றியது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஒரு புத்தகத்தால் அது முடியுமா சார்?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

எந்தப் புத்தகம் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே அம்மா! பெரும்பாலும் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்த’மாகத்தான் இருக்கும்.

அதற்கு விதை போட்டதும் ஒரு வாசகர் கடிதம்தான். 1958 ஜனவரியில் மாசசூசெட்ஸின் டக்ஸ்பரி என்ற ஊரிலிருந்து ஓல்கா ஹக்கின்ஸ் என்ற பெண்மணி ஒரு பத்திரிகைக்கு எழுதினார். “கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து மருந்து தெளித்தார்கள். மறுநாள் காலையில் வாசலருகே மூன்று பறவைகளைப் பொறுக்கி எடுத்தேன். எல்லாம் அலகைப் பிளந்தபடி, கால்களை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு செத்திருந்தன” என்று. ஒரு பிரதியைக் கார்சனுக்கும் அனுப்பினார். கார்சன் மீன்வளத் துறையில் அரசு வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுக் கடலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். அதற்கப்புறம் நான்கு வருடம் பூச்சிமருந்துதான் அவருக்கு வேலை.

1962 ஜூனில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் தொடராக வந்து, செப்டம்பரில் புத்தகமாயிற்று. வெளிவருவதற்கு முன்பே வழக்குப் போடுவோம் என்று ஒரு ரசாயன நிறுவனம் பதிப்பகத்தை மிரட்டிப் பார்த்தது. 1963 ஏப்ரலில் தொலைக்காட்சியில் இதைப் பற்றி நிகழ்ச்சி என்றதும், விளம்பரதாரர்கள் ஐந்து பேரில் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மே மாதம் கென்னடி அமைத்த அறிவியல் குழு கார்சன் பக்கமே பேசியது. புத்தகம் எழுதும்போதே அவருக்கு மார்பகப் புற்றுநோய். வெளியே சொல்லவில்லை. 1964 ஏப்ரலில் 56 வயதில் போய்ச் சேர்ந்தார். டி.டி.டி. (DDT) என்ற பூச்சிமருந்துக்கு அமெரிக்காவில் தடை வந்தது 1972-ல். நடுவில் பத்து வருடம்! அதற்குள் லாங் ஐலண்டில் சில விஞ்ஞானிகள் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள், இயக்கங்கள் கிளம்பின, 1970-ல் சுற்றுச்சூழலுக்கென்று தனி அரசு அமைப்பே வந்தது. உங்கள் பேராசிரியர் சொன்னது பாதி சரி. புத்தகம் கதவைத் தட்டியது. திறந்தவர்கள் வேறு பலர்.

சட்டத்தை விடுங்கள், அந்தப் புத்தகத்தில் ஒரு ஏரி வருகிறது. அதற்காகவாவது படியுங்கள். கலிபோர்னியாவில் கிளியர் ஏரி. மீன்பிடிக்க வருகிறவர்களுக்குக் கொசு மாதிரி ஒரு பூச்சி தொல்லை. அது கடிக்கக்கூடச் செய்யாது! 1949-ல் டி.டி.டி.யின் சொந்தக்கார மருந்தான டி.டி.டி.-யை, இல்லை, டி.டி.டீ... தமிழில் எழுதினால் DDT, DDD இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ‘சொந்தக்கார மருந்து’ என்றே வைத்துக்கொள்வோம். ஏழு கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஊற்றினார்கள். பூச்சி திரும்பி வந்ததும் 1954-ல் மறுபடியும், ஐந்து கோடிக்கு ஒன்று. அந்தக் குளிர்காலத்தில் ஏரியின் முக்குளிப்பான்கள் சாக ஆரம்பித்தன. அறுத்துப் பார்த்தால் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து. தண்ணீரில் இருந்ததைப்போல 80,000 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் மருந்தைச் சேர்த்து வைக்க, அவற்றைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, ஒவ்வொரு வயிறும் வட்டி போட்டுப் பறவையிடம் கொடுத்திருக்கிறது. ஆயிரம் ஜோடிகள் இருந்த ஏரியில் மிஞ்சியது முப்பது ஜோடிகள். பிற்பாடு தண்ணீரைச் சோதித்தால் மருந்தே இல்லை. உயிர்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் கிளை நூலகத்துக்கு இதன் ஆங்கிலப் பிரதி அன்பளிப்பாக வந்தது. எந்த அடுக்கில் வைப்பது? சீர்காழிக்காரர் ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பில் வேளாண்மைக்கு ‘ஜே’, சமூகவியலுக்கு ‘ஒய்’. நான் ‘ஜே’யில் வைத்தேன். பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த ஒருவர்தான் முதலில் எடுத்துப் போனார். இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல்லின் கீழ் பென்சில் கோடு: எண்ட்ரின். தஞ்சாவூர்ப் பக்கம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். வயலைவிட, வாழப் பிடிக்காதவர்கள் வீட்டில்தான் அந்தப் பெயர் அதிகம் அடிபட்டது. அதற்குப் பக்கத்தில் டி.டி.டி. சாது என்கிறார் கார்சன்.

கார்சன் பேச்சைக் கேட்டு டி.டி.டி.யைத் தடை செய்ததால்தான் மலேரியா திரும்பி வந்து ஏழைகள் செத்தார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. உண்மையா?
– ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், திருவாரூர்

நீங்களே இப்படிக் கேட்கலாமா? பம்பு தூக்கியவர்களுக்கு மேஸ்திரியாக இருந்திருப்பீர்களே!

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு மருந்தடிக்க வருவார்கள். பாட்டி ஊறுகாய் ஜாடிகளை முற்றத்துக்குத் தூக்குவாள். “சாமி மாடத்தை மட்டும் விட்டுடுங்கப்பா” என்று கெஞ்சுவாள். அடித்து முடித்துச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அந்த வேலைக்குப் பலன் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் குணத்தைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 1947-ல் இந்தியாவில் மலேரியா கண்டவர்கள் சுமார் ஏழரைக் கோடி. 1965-ல் அது ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. 1976-ல் மறுபடியும் 64 லட்சம். அப்போது இங்கே தடை ஏது? வயலில் டி.டி.டி. அடிக்கத் தடை வந்ததே 1989-ல்தான். கொசு ஒழிப்புக்கு அதற்கப்புறமும் அடித்தோம். இந்த மாதிரி நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்த நாடுகள் 2001-ல் போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைகூட நோய்த்தடுப்புக்கு விலக்கு வைத்திருக்கிறது.

மருந்துக்குக் கொசு பழகிப்போனது ஒரு காரணம். ஒழிந்தது என்று நாம் அசந்துபோனது இன்னொன்று. முதலாவதை 1962-லேயே ஒரு தனி அத்தியாயமாக எழுதிவைத்தவர் கார்சன். மருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. படிக்காமல் திட்டுகிறவர்களுக்கு அந்த அத்தியாயம் கண்ணில் படுவதில்லை.

தமிழில் அறிவியல் எழுதச் சொற்கள் போதவில்லை என்கிறாரே என் நண்பர்?
– தமிழாசிரியர், புதுக்கோட்டை

யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு அனுப்புங்கள் அவரை. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1864 முதல் அங்கே மருத்துவப் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’, உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று நூல்கள் வந்தன. வேதியியலுக்கு வந்தபோது 1875-ல் வெளியான நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’! எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம். வராத சொல்லுக்காகப் பாடம் நிற்கவில்லை பாருங்கள்.

இந்த மாதிரிப் புத்தகங்களை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும்?
– வாசகி, கரூர்

நான் பின்னாலிருந்து. ‘மௌன வசந்த’த்தின் ஆங்கிலப் பதிப்பில் எந்தச் செய்தி எங்கே கிடைத்தது என்ற பட்டியலே ஐம்பது பக்கத்துக்கு மேல் போகும். எங்கள் பிரதி நைந்துபோய் பைண்டிங்குக்குக் கொடுத்தபோது, “வெறும் பேரா இருந்துச்சு சார்” என்று அந்தப் பக்கங்களைக் கழித்துவிட்டுத் தைத்துவிட்டார் பைண்டர். பாதியை நடுராத்திரியில் அவர் கடைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்தேன். மீதியில் பசை தடவி யாரோ ஒரு பையனுடைய கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டிருந்தார்.