மங்கும் முடிகொட்டலும்: க்ரீமை வைத்துவிட்டு ரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். திருவாரூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறை நாளில் மாமியாருடன் வயலுக்கும் போவதுண்டு. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கன்னத்தில் மங்கு, குதிகாலில் பித்தவெடிப்பு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன க்ரீமை மருந்துக்கடையில் வாங்கி இரண்டு மாதமாகத் தடவுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயில் பட்டாலே எரிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் கணவர் வீடியோ அழைப்பில், "என்ன, இப்படி ஆகிவிட்டாய்?" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. பியூட்டி பார்லருக்குப் போக நேரம் இல்லை. போனாலும் மாமியார் ஏதாவது சொல்வாரோ என்று தயக்கம். என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: நீங்கள் கேட்டது அழகைப் பற்றி. என் கண்ணில் முதலில் பட்டதோ, போகிற போக்கில் எழுதியிருக்கும் "படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்ற வரி. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், உங்களுக்கு ரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம். வெளுப்பாகத் தெரியாவிட்டாலும் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது குறைவு. நெல் விளையும் ஊரில் இருக்கிறோம் என்பதால் நாம் விலக்கு இல்லை; சோறு வயிற்றை நிரப்பும், இரும்புச் சத்தைத் தராது.

பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிடச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்துமாத்திரை கொடுத்திருப்பார்கள். முழுவதும் சாப்பிட்டீர்களா? "மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது" என்று பாதியில் நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மலம் கறுப்பது இரும்பு மாத்திரையின் இயல்பு, பயம் வேண்டாம். வயிறு பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காபி! நம் பக்கத்தில் சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடிக்காவிட்டால் சாப்பாடே முடிந்ததாகக் கணக்கில்லை. காபியும் டீயும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பும் நிரம்ப வேண்டுமல்லவா? முருங்கைக்கீரையும் சுண்டலும் ஈரலும் சாப்பிடுங்கள், ஆனால் இறங்கிவிட்ட ரத்தத்தைக் கீரை மட்டுமே ஏற்றிவிடாது.

ஹீமோகுளோபினோடு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பாருங்கள். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடி கொட்டுவதற்குத் தாய்ப்பாலைக் குறை சொல்லி யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி, ஹார்மோன் இறங்கியதும் மொத்தமாக உதிர்கிறது. பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ரத்தம் குறைவாக இருந்தால் அது இழுத்துக்கொண்டே போகலாம். எந்த எண்ணெயும் இதை நிறுத்தாது, விளம்பரத்தில் இடுப்பு வரை முடி தொங்கினாலும் சரி. ஈரத்தலையை வாராமல், இறுக்கிப் பின்னாமல் இருந்தாலே போதும்.

க்ரீம் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சில நாளில் பளிச்சென்று ஆக்கிப் பிறகு எரிய வைக்கும் க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டியூபைத் திருப்பிப் படியுங்கள்: மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருந்தால் அதுதான். தோல் மெலியும், ரத்தக் குழாய் சிவப்புக் கோடாகத் தெரியும், பரு கிளம்பும், பூனை முடி வளரும். இத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கிடைக்கிறது! அதே டியூபில் நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் தோலை உரிய வைக்கும் ட்ரெட்டினாயினும் இருந்தால், பால் கொடுக்கும் உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். நிறுத்தியதும் சில நாள் முகம் சிவந்து எரியலாம். அதற்குப் பயந்து மறுபடி தடவினால் வெளியே வர முடியாது. அதனால் அந்த டியூபையே எடுத்துக்கொண்டு திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒரு காலை போய் வாருங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

மங்கு கர்ப்பத்தில் வருவது சகஜம். அதை வளர்ப்பது வெயில். காலை பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்று பார்த்து மறுபக்கம் உட்காருங்கள். துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30 அளவு சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். பட்டாணி அளவு போதாது. எலுமிச்சம்பழத்தைத் தோலில் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்காதீர்கள், புண்ணாகிவிடும்.

குதிகாலை இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்து, வாஸ்லினைத் தடவிப் பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். விரலிடுக்கில் வெளுத்து அரித்தால் அது சேற்றுப்புண். அதற்குப் பூஞ்சை மருந்து தேவை.

அழுகை அன்று ஒரு நாள் வந்தது என்றால் சரி. இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கணவரிடம், "எனக்கு ரத்தம் குறைந்திருக்கிறது போலிருக்கிறது, பரிசோதனைக்குப் போகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் கேள்விக்கு அதுதான் நேரான பதில்.

நேரம்? வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எந்த மாமியாரும் தடை சொல்ல மாட்டார். அந்த ஒரு மணி நேரம் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவசரம் இல்லாமல் குளியுங்கள், நகம் வெட்டுங்கள், காலைத் தேயுங்கள். வயலில் உங்களோடு இறங்கும் பெண்மணி அவர். கேட்டால் மறுப்பார் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? பார்லரில் போய்ப் புருவம் திருத்திக்கொள்வதிலும் தவறில்லை. ஃபேஷியலும் பிளீச்சும் மட்டும் முகம் ஆறும்வரை வேண்டாம்.