தாழையை அழிப்பது பேராமையா, பலகையா?

தொண்டிப் பக்கம் நாட்டுப்படகில் நண்டு வலை விடும் வாசகர் கேட்கிறார்: "கரையோரத் தாழையை (கடற்புல்லை) பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) மொட்டையடிக்கின்றன. நண்டுப் பாடும் குறைந்துவிட்டது. விரட்ட வழி உண்டா? வலையில் ஏறினால் என்ன செய்வது?"

விரட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது, அதற்குத் தீங்கு செய்து நீங்கள் மாட்டினால் சிறைதான். அதைவிட, புல்லை அழித்தது ஆமைதானா என்று முதலில் பாருங்கள்.

கரையில் ஒதுங்கும் தாழையைக் கையில் எடுங்கள். பேராமையின் தாடை விளிம்பு ரம்பம் மாதிரி. இலையைத்தான் நறுக்கும், மண்ணுக்குள் ஓடும் தண்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மேய்ந்த இடத்துக்கே ஆமை மறுபடி வருவதும் அந்த இளந்தளிருக்காகத்தான்: நார் குறைவு, சத்து அதிகம். வேரும் தண்டுமாகக் கொத்துக் கொத்தாக ஒதுங்கினால் அது பெரும்பாலும் ஆமை வேலை இல்லை. இழுவைமடியை (விசைப்படகு கடல்தரையோடு இழுக்கும் வலை) விரித்துப் பிடிக்கும் பலகையோ, நங்கூரமோ, புயலோ பிடுங்கியது. ஆவுளியாவும் (கடற்பசு) வேரோடு தின்னும். ஆனால் அது மேய்ந்த தடம் தரையில் வளைந்து வளைந்து கோடாகத் தெரியும்.

ஆமை மேய்ந்தே புல்வெளி தேய்ந்த இடமும் உண்டு. லட்சத்தீவின் அகத்தி காயலில் பேராமைகள் ஏராளமாகக் கூடி, புல் கட்டையாகி, அதில் வாழும் மீன்களும் குறைந்தன. அங்குள்ள மீனவர்களுக்கும் உங்கள் கோபம்தான். ஆனால் அது பவளத்திட்டு வளைத்த சின்னக் காயல். பாக் விரிகுடா பரந்த கடல். உங்கள் பகுதியில் நான் முதலில் சந்தேகப்படுவது பலகையைத்தான். வேரோடு ஒதுங்கியதைத் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். மீன்வளத் துறையிடம் புகார் சொல்ல அது உதவும்.

வலை விஷயத்துக்கு வருவோம். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். சிக்கித் துடிக்கும்போது சீக்கிரமே மூச்சு முட்டிவிடும். ஆகவே வலையை இரவெல்லாம் போட்டு வைக்காமல் இடையிடையே பாருங்கள். ஆமையின் துடுப்புக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஓட்டைப் பிடியுங்கள். சுற்றிய நூலை அறுத்துவிடுங்கள். அசையவில்லை என்றால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிட வேண்டாம், மல்லாத்தவும் வேண்டாம். வயிறு கீழே இருக்க, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். மூக்கை மட்டும் மூடாதீர்கள். தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். தெளிந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, வலை இல்லாத இடத்தில் தலைப்பக்கமாக மெல்ல இறக்கிவிடுங்கள்.