வீட்டு ஸ்டீம் ரூம் ஜெனரேட்டருக்கு பாத்ரூம் கீசர் பாயின்ட் போதுமா?
போதாதுங்க. ஸ்டீம் ஜெனரேட்டர்னா தண்ணிய ஆவியாக்கி ரூமுக்குள்ள அனுப்புற பெட்டி, உள்ள இருக்கிறது பெரிய ஹீட்டர் காயில்தான். தண்ணி கொதிக்கிறது வேற, ஆவியாகிறது வேற. 1 லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து கொதிக்க வைக்க ஆகுற கரண்ட்டப் போல 7 மடங்குக்கு மேல அத முழுசா ஆவியாக்க ஆகும், அதான் இவ்ளோ லோடு.

6 கிலோவாட் மெஷின் 230 வோல்ட்ல 26 ஆம்ப்ஸ் இழுக்கும், அதாவது 2 கிலோவாட் கீசர் மூணு ஒரே நேரத்துல ஓடுற மாதிரி, கீசர் பாயின்ட்டோ 16 ஆம்ப்ஸ்தான். அதனால மெயின் போர்டுல இருந்து தனி லைன், 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 32 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), ஈரமான இடம்ங்கறதால 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்), இது எதையும் விட்றாதீங்க. ஈபி சாங்ஷன் லோடு, அதாவது உங்க வீட்டுக்கு ஈபி அனுமதிச்ச லோடு, இத தாங்குமான்னும் முன்னாடியே பாத்துக்கங்க.

ட்ரிப் ஆனா பெரிய எம்சிபி போட்டா சரியாயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா எம்சிபி காவல் காக்கிறது சுவத்துக்குள்ள ஓடுற வயரத்தான், வயர மாத்தாம அத மட்டும் பெருசாக்கினா வயர் சூடாகி உருகினாலும் அது விழாம நிக்கும்.