பழைய இசைத்தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றுவது: கேள்விகளும் பதில்களும்

ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இணைய இசைத்தாள் நூலகத்தில் பழைய ஸ்கோர்களை, அதாவது அச்சான இசைத்தாள்களை, ஏற்றுவது பற்றிக் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள். எந்த பட்டனை அழுத்துவது மாதிரியான கேள்விகளை விட்டுவிட்டேன், அதெல்லாம் அங்கேயே உதவிப் பக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: என்னிடம் பீத்தோவன் சொனாட்டா தொகுப்பு இருக்கிறது. அவர் இறந்து கிட்டத்தட்ட 200 வருடம். தாராளமாக ஏற்றலாம்தானே?

பீத்தோவன் 1827-இலேயே போய்விட்டார், அவரால் சிக்கல் இல்லை. உங்கள் புத்தகத்தில் விரல் எண்களும் பெடல் குறிகளும் போட்டவர் யார்? அவர் எப்போது இறந்தார்? அதுதான் கேள்வி. பியானோ கலைஞர் அர்தர் ஷ்னாபெல் பதிப்பித்த பீத்தோவன் சொனாட்டாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்னாபெல் இறந்தது 1951, ஐரோப்பாவில் இறந்தபின் 70 வருடக் கணக்கு, அதனால் அவருடைய குறிப்புகள் அங்கே 2022 ஜனவரியில்தான் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டன. பதிப்பாசிரியர், வேறு வாத்தியத்துக்கு மாற்றி எழுதியவர், பாட்டு என்றால் வரிகளை எழுதியவர், மொழிபெயர்த்தவர், இவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புத்தகத்தில் வருடமே இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். பழைய பதிப்பகங்கள் பல வருடம் போட்டதே இல்லை. இசை அச்சான பக்கங்களின் அடியில் சின்னதாக ஒரு எண் இருக்கும், அது பிளேட் நம்பர், அச்சுத் தகட்டுக்குக் கொடுத்த எண். ஒரு பதிப்பகத்தின் எண்கள் பெரும்பாலும் வரிசையாக ஏறிக்கொண்டே போகும் என்பதால் வருடத்தை ஓரளவு பிடித்துவிடலாம், பதிப்பகவாரியாகப் பட்டியல்களும் அந்த நூலகத்திலேயே உண்டு. ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டுகிறேன் பேர்வழி என்று அந்த எண்ணையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: எத்தனை டிபிஐ? கலரா, கறுப்பு வெள்ளையா?

சாதாரண அச்சுப் பக்கத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வெறும் கறுப்பு வெள்ளை. கலர் என்பது அட்டைக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் மட்டும். ஜேபெக் வேண்டாம், இசை எழுதும் ஐந்து கோடுகளைச் சுற்றிலும் அழுக்குப் புகை மாதிரி படியும். குரூப் 4 என்ற சுருக்கமுறையில் பிடிஎஃப் செய்தால் தரம் கொஞ்சமும் குறையாது, ஃபைலும் சின்னதாகவே இருக்கும். மங்கிய தாளாக இருந்தால் முதலில் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் எடுத்து, அப்புறம் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள், எவ்வளவு கறுப்பு வேண்டும் என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: மொபைலில் எடுத்தால்?

பக்கம் வளையும், கோடுகளும் வளையும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

கேள்வி: பாக் 1750-இல் இறந்தார். என்னிடம் புது ஊர்டெக்ஸ்ட் பதிப்பு இருக்கிறது. ஏற்றலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஊர்டெக்ஸ்ட் மாதிரி மூலப்பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து செய்த பதிப்புக்கு ஜெர்மனியில் வெளியானதிலிருந்து 25 வருடப் பாதுகாப்பு உண்டு. பாக் வேண்டுமென்றால் 1851 முதல் 1899 வரை வந்த பழைய பாக் சங்கத் தொகுப்பு இருக்கிறதே, அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: செல்லோ பார்ட், அதாவது செல்லோக்காரருக்கான தனித்தாள், அது முழுக்க யாரோ பென்சிலில் வில்லை எப்படி இழுப்பது என்று வில் குறிகள் போட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேரில் அழித்துவிடவா?

ஓரத்து முத்திரை, கறை, பஞ்ச் ஓட்டை எல்லாவற்றையும் தாராளமாக அழியுங்கள். கோடுகளுக்குள்ளே கை வைக்காதீர்கள். தானாகப் புள்ளி நீக்கும் ஃபில்டர் இருக்கிறதே, அதற்குத் தூசியும் ஒன்றுதான், ஸ்வரத்தை வெட்டி வாசிக்கச் சொல்லும் ஸ்டக்காட்டோ புள்ளியும் ஒன்றுதான். ஸ்வரத்துக்குப் பக்கத்துப் புள்ளி போனால் தாளமே தப்பாகிவிடும்.

எதிர்க்கேள்வி: பிரிண்ட் எடுத்து வாசிப்பவருக்கு முகம் தெரியாத ஒருவரின் வில் குறி எதற்கு? சுத்தம் செய்வதுதானே சேவை?

வாசிப்பவருக்கு இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இசையில் எந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசித்தார்கள், எந்த இடத்தில் மூச்சு விட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பென்சிலில்தான் இருக்கிறது.

இன்னொருவர்: நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு தன் ஆவணக் காப்பகத்தில், குழுவை நடத்திய கண்டக்டர் பெர்ன்ஸ்டைன் கைப்படக் குறிப்பெழுதிய ஸ்கோர்களை அப்படியே இணையத்தில் வைத்திருக்கிறதே!

அது பெர்ன்ஸ்டைன் கை, ஐயா. உங்கள் செல்லோக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது. அதோடு, உயிரோடு இருக்கும் ஒரு கண்டக்டரின் குறிப்புகள் நிறைந்த ஸ்கோர் என்றால் அது அவருடைய வேலையும்தான், கேட்காமல் ஏற்றக் கூடாது. யார் கை பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

செல்லோ பார்ட் பற்றிக் கேட்டவர்: அப்படியென்றால் அழிக்கவா, வேண்டாமா?

சாம்பல் நிற ஸ்கேனை கறுப்பு வெள்ளையாக்கும்போது அளவைக் கொஞ்சம் நகர்த்துங்கள், வெளிர் பென்சில் தானாக உதிர்ந்துவிடும், மை நிற்கும். மெல்லிய கோடுகளும் சேர்ந்து உதிர ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சப் பென்சிலை விட்டுவிடுங்கள். சாம்பல் நிற மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தாளில் நிஜ ரப்பரை வைத்துத் தேய்க்கப் போகிறேன் என்ற இன்னொருவருக்கு: தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை ஏற்றுவது கனடாவில் சரி, ஐரோப்பாவில் தப்பு என்கிறார்கள். என்ன கூத்து இது?

கூத்துதான். கனடாவில் முன்பு இறந்தபின் 50 வருடம். ஸ்ட்ராவின்ஸ்கி இறந்தது 1971, அதனால் 2022 ஜனவரியில் விடுபட்டார். அதே வருடம் டிசம்பர் 30-இல் சட்டம் 70 ஆனது. விடுபட்டவை விடுபட்டவைதான், ஆனால் 1972-இல் இறந்தவர்கள் 2043 வரை காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஸ்ட்ராவின்ஸ்கிக்கே 2042. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான வருடத்திலிருந்து 95. இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை: 2007 அக்டோபரில் யுனிவர்சல் எடிஷன் என்ற ஆஸ்திரியப் பதிப்பகத்தின் நோட்டீஸ் வந்ததும் நூலகமே மூடப்பட்டது, 2008 ஜூன் கடைசியில்தான் திரும்பத் திறந்தார்கள். கனடாவில் சரியானது ஐரோப்பாவில் சரியில்லை என்பதுதான் அப்போதும் தகராறு.

கேள்வி: மொசார்ட் இறந்து 230 வருடத்துக்கு மேல்…

பதிப்பாசிரியர் யார்?

கேள்வி: பழைய பதிப்பை அப்படியே மறு அச்சு செய்த டோவர் பதிப்பகத்தின் புத்தகம்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மறு அச்சால் புது உரிமை வராது. புது முன்னுரையையும் அட்டையையும் விட்டுவிட்டு இசைப் பக்கங்களை மட்டும் எடுங்கள்.

கேள்வி: பார்ட்டுகளில் நடுவே வரும் வெற்றுப் பக்கத்தை நீக்கலாமா?

கூடாது. வலப்பக்கம் முடியும் இடத்தில் ஓய்வு வருகிற மாதிரி, பக்கம் திருப்ப வசதியாக அடுக்கியிருப்பார்கள். ஒன்றை எடுத்தால் இடம் வலமாகும், இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து வாசிப்பவர் வேகமான இடத்தில் தாளைத் திருப்ப வேண்டிவரும்.