‘டக்’ என்று சத்தம் வந்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதா?

கனடாவில் உங்கள் மாமா நாரிப்பிடிப்புக்குக் கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்தித் திருப்பிச் சிகிச்சை செய்பவர்) போக, ‘டக்’ என்று எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதாம், உண்மையா என்று கேட்கிறீர்கள். இல்லை, எலும்பு எங்கேயும் விலகியிருக்கவில்லை. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உண்டாகிறது, சத்தம் அதுதான். நாங்கள் விரலில் நெட்டி முறிப்பதும் இதே சங்கதி, அதனால்தான் உடனே திரும்ப முறித்தால் சத்தம் வராது. சுகம் தெரிவது வேறு வழியில்: அந்தச் சடுதியான இழுவை நரம்புகளைத் தூண்ட, இறுகின தசை கொஞ்சம் தளர்ந்து நோவு மட்டுப்படுகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். நாரிக்குச் சரி, கழுத்தை மட்டும் யாரிடமும் சும்மா திருப்பக் கொடுக்காதீர்கள், அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். விழுந்து அடிபட்டவர்கள், கால் விறைப்பவர்கள் முதலில் யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள்.