சால்மன் வறுத்த புகையால் புற்றுநோய் வருமா?

கேள்வி: வாரம் இருமுறை எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயில் சால்மன் வறுக்கிறேன். ஒவ்வொரு முறையும் சமையலறை புகைமூட்டம்தான். புகைப்புள்ளியைத் தாண்டிய எண்ணெய் விஷம், ஒமேகா 3 அழிந்துவிடும், புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து நிம்மதி போயிற்று. ஈடுகட்ட தினம் நான்கு மீன் எண்ணெய் மாத்திரை போடுகிறேன். சமைத்த அன்று இரவு இருமலும் நெஞ்சில் லேசான விசில் சத்தமும் வரும். இருமல் மருந்து குடித்துவிட்டுத் தூங்கிவிடுவேன்.

பதில்: அந்த விசில் சத்தத்தைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான்.

எண்ணெய் புகையும்போது அதிலுள்ள கிளிசரால் சிதைந்து அக்ரோலின் உண்டாகிறது. கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் அதனால்தான். ஜன்னலைத் திறந்தால் பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். பல மணி நேரம் கழித்துப் படுக்கையில் இழுக்கிறதென்றால் மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன என்று பொருள். புகை தூண்டிவிட்ட ஆஸ்துமாவாக இருக்கலாம். இருமல் மருந்து சுருங்கிய குழாயை விரிக்காது. தூங்கிப்போனதைக் குணமானதாக எண்ணாதீர்கள். இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழாயில் பலமாக ஊதச் சொல்வார்கள். பிறகு இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முடிவு இயல்பாக வந்தாலும் இழுப்பு தொடர்ந்தால் விட்டுவிடக் கூடாது. மீன் சாப்பிட்டதும் தோலில் தடிப்போ உதட்டில் வீக்கமோ வந்ததுண்டா? அதையும் சொல்லுங்கள். மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு அது வேகும் ஆவியே போதும், இழுப்பு வர. ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

புற்றுநோய்? உயர்வெப்பத்தில் வறுக்கும் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' பிரிவில் வைத்திருப்பது உண்மை. ஆனால் அது காற்றோட்டமில்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களைப் பற்றிய கவலை. வாரம் இரண்டு மீனுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணெயை மாற்றவும் வேண்டாம். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஏறத்தாழ 190 முதல் 210 டிகிரி செல்சியஸில்தான் புகையும். சால்மனுக்கு அவ்வளவு சூடு தேவையே இல்லை. தப்பு பெரும்பாலும் அடுப்பில்தான்: வெறும் வாணலியை முழுத் தீயில் காயவிட்டு, அதில் எண்ணெய் ஊற்றுவது. மீனை ஈரம் போக ஒற்றி எடுங்கள். மிதமான தீயில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். அது தண்ணீர்போல ஓடி மினுங்கியதும் தோல் பக்கம் அடியில் இருக்கும்படி வையுங்கள். அசைக்காமல் 5 நிமிடம், திருப்பி 2 நிமிடம். நடுப்பகுதி 63 டிகிரி தொட்டால் வெந்துவிட்டது. மேலே கசியும் வெள்ளைப் படலம் வெறும் புரதம்தான். வெண்ணெய் வேண்டுமென்றால் இறக்கும் நேரத்தில் போடுங்கள், முன்பே போட்டால் கருகும். எண்ணெய் புகைந்துவிட்டால் அடுப்பை அணைத்து, ஆறியதும் அதைக் கொட்டிவிடுங்கள். நான்ஸ்டிக் வாணலியை வெறுமனே காயவிடவே கூடாது; அதன் பூச்சு சிதைந்து வரும் புகை தனிக் கேடு.

இப்படி வறுத்தால் ஒமேகா 3 பெரும்பாலும் மீனிலேயே தங்கும். மீன் எண்ணெய் அளவு மிஞ்சினால் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். மருத்துவர் எழுதித் தராத அந்த நான்கு மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். இருமல் மருந்தையும்.