சமையலறை பளிச், மதிப்பீடு 1: ஏன்?

கேள்வி: லண்டனில் சிறிய தமிழ் உணவகம் நடத்துகிறோம். அடுப்பு, தரை, ஃபிரிட்ஜ் எல்லாம் சுத்தம். ஆனாலும் உணவுச் சுகாதார மதிப்பீடு 1தான் கிடைத்தது. எப்படி?

பதில்: அதிகாரி மூன்றைப் பார்க்கிறார்: உணவைக் கையாளும் விதம், கட்டடத்தின் நிலை, நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை. அவர் போடுவது குறைப் புள்ளிகள்; கூடினால் கெடுதல். மிக உயர்ந்த மதிப்பீடான 5 கிடைக்க, குறைப் புள்ளிகள் மொத்தம் 15ஐத் தாண்டக்கூடாது, எந்தப் பிரிவிலும் 5 புள்ளிக்கு மேல் விழவும் கூடாது. நிர்வாகத்தில் 20 புள்ளி விழுந்தால், மற்ற இரண்டிலும் குறையே இல்லாவிட்டாலும் மதிப்பீடு 1தான். உங்கள் அறிக்கையில் முதலில் இதைத்தான் பாருங்கள்.

நிர்வாகப் பிரிவில் அடிவாங்குவது பெரும்பாலும் எழுத்துப் பதிவு இல்லாததால். 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' என்ற, சிறு உணவகங்களுக்கான உணவுப் பாதுகாப்புக் கோப்பை நிரப்பி, அதிலுள்ள நாட்குறிப்பில் தினமும் கையெழுத்திடுங்கள். ஃபிரிட்ஜ் 8 டிகிரிக்குள், சூடாக வைக்கும் சாம்பார் 63க்குக் குறையாமல்.

மீந்த சோற்றை அண்டாவிலேயே விடாதீர்கள். நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். பேசிலஸ் சீரியஸ் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, சீக்கிரம் ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மேல்முறையீட்டுக்கு 21 நாள் உண்டு, வார இறுதியும் சேர்த்து. திருத்தங்களை முடித்த பிறகு மறுமதிப்பீடும் கேட்கலாம். கவுன்சில் கட்டணம் கேட்கக்கூடும். சில வார நாட்குறிப்பு கையில் சேர்ந்த பின் விண்ணப்பியுங்கள், ஏனென்றால் மறு ஆய்வில் மதிப்பீடு இறங்கவும் செய்யலாம்.